பின்பக்கம் படிச்சாச்சா?

அச்சகத்தில் வேலை பார்க்கிறவன் எதையும் படிக்க மாட்டான். நிறம் பிசகாமல் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும்தான் பார்ப்பான். சிவகாசியில் வருஷக்கணக்காக நான் அடித்த பட்டாசுப் பெட்டிகளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். (பற்ற வைத்தால் ஓடணும், அது தெரியும்.)

போன தீபாவளி சீசனில் டாக்டர் சொல்லிவிட்டார்: "சாப்பிட்ட பிறகு பார்க்குற சுகர் இந்தத் தடவையும் இறங்கலைன்னா ஊசிதான்." எனக்கோ ஊசி என்றாலே பயம். என் மனைவி ஜெஸி வேறு நர்ஸ். தினமும் குத்தப்போகிற கை வீட்டிலேயே இருக்கிறதே என்று நினைத்து நினைத்துத் தூக்கம் போய்விட்டது.

அந்த நேரம் பார்த்து செல்போனில் ஒரு செய்தி. சாப்பாட்டோடு பெர்ரிச் சாறு குடித்தால் சுகர் சட்டென்று ஏறாதாம். அந்த வாரம் எங்கள் மெஷினில் ஓடியதே ஒரு பெர்ரி பானத்தின் லேபிள்தான். நீலப் பழம், பச்சை இலை, மேலே பனித்துளி. அந்த நீலத்தைக் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். என் லேபிளை நானே நம்பாவிட்டால் எப்படி?

டெஸ்ட் அன்று, லேப் இருக்கிற சாத்தூரில் சாப்பிட்டதும் அதே பானத்தில் ஒரு பாட்டில் குடித்தேன். ரெண்டு மணி நேரம் காத்திருக்கணும். இருப்பு கொள்ளவில்லை. லேபுக்கும் பஸ் ஸ்டாண்டுக்குமாக நடந்தேன். பயம் வந்தபோதெல்லாம் இன்னொரு பாட்டில்.

ரிசல்ட்டைப் பார்த்த லேப் பெண், "அண்ணாச்சி, கூட யாராச்சும் வந்திருக்காகளா?" என்றாள். உடனே ஜெஸிக்குப் போன் போட்டேன். ஜெஸி டூட்டியிலிருந்து அப்படியே வந்தாள். ரிசல்ட்டைப் பார்த்தாள், பிறகு என் வாயைப் பார்த்தாள்.

"நாக்க நீட்டுங்க."

நீட்டினேன்.

"என்னத்தக் குடிச்சீக? இம்புட்டு நீலமா இருக்கு."

பாட்டிலைப் பெருமையாக எடுத்துக் கொடுத்தேன். "பெர்ரி. சுகருக்கு நல்லதுன்னு போன்ல வந்துச்சு. நான் அடிச்ச லேபிள்."

அவள் பாட்டிலைத் திருப்பிப் படித்தாள். "தண்ணி, சீனி, கலரு, வாசனை. பழத்தையே காணோம். அவுக சீனி போடாத பழச்சாறைச் சொல்லியிருப்பாக, நீங்க சர்பத்தைக் குடிச்சிருக்கீக. இவ்வளவு பொடி எழுத்துல இதை அடிச்சது யாரு?"

"நான்தான்."

லேப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தாள்.

அடுத்த வாரம் பானம் இல்லாமல் பார்த்தபோதும் சுகர் இறங்கவில்லை. ஊசி வந்தே விட்டது. தினமும் காலையில் மருந்துப் புட்டியின் பின்பக்கத்தை நான் சத்தமாக வாசித்த பிறகுதான் ஜெஸி குத்துவாள்.

போன மாதம் மகளுக்கு ஒரு வரன் வந்தது. போட்டோவைப் பார்த்து, "பையன் லட்சணமா இருக்கான்" என்று சொல்லிவிட்டேன். மகள் அதை என் கையிலிருந்து வாங்கித் திருப்பி, படிப்பு, வேலை எல்லாம் எழுதியிருந்த பக்கத்தை என்னிடமே நீட்டினாள்.

"அப்பா, பின்பக்கம் படிச்சாச்சா?"