புதன்கிழமைக் கூட்டம்

புதன்கிழமைதான் கபிலனின் உயிரை வாங்கியது. சனி, ஞாயிறு கூட்டம் எகிறினால் அதில் ஒரு நியாயம் இருக்கிறது. வாரத்தின் நடுவில் எந்த மகராசன் வேலைவெட்டியை விட்டுவிட்டுக் கடைக்கு வருகிறான்?

லிட்டில் இந்தியாவில் உள்ள அந்தக் கடைத்தொகுதிக்கு ஒரு நாளில் எத்தனை பேர் வருவார்கள் என்று முன்கூட்டியே கணித்துச் சொல்வது அவன் வேலை. மூன்று மாதம் கணிப்பு பலித்தால் வேலை நிரந்தரம். இல்லையென்றால் புக்கிட் பாத்தோக் வீட்டில் உட்கார்ந்து மறுபடியும் விண்ணப்பம் போட வேண்டியதுதான்.

முதல் மாதம் கணக்கு கச்சிதம். மேலாளர் ரோஷினிக்குத் தலைகால் புரியவில்லை. கணிப்பை வாசலில் பெரிய திரையிலேயே போடச் சொல்லிவிட்டாள். 'இன்று எதிர்பார்க்கும் வருகையாளர்கள்: 4217.' அன்று பிடித்தது வினை.

புதனன்று கணக்குக்கு மேல் முந்நூறு பேர். கபிலன் மழையைச் சேர்த்தான், பள்ளி விடுமுறையைச் சேர்த்தான், அடுத்த புதன் ஐந்நூறு ஆனது. கூட்டத்துக்குப் பயந்து திரும்பட்டும் என்று எழுத்தை இரண்டு மடங்கு பெரிதாக்கினான், எழுநூறு. மணிக்கொரு தரம் புதுக் கணிப்பு போட்டான். மணிக்கொரு தரம் வந்தார்கள். கொடுமை என்னவென்றால், வந்தவர்கள் ஒரு கைக்குட்டைகூட வாங்கவில்லை.

கடைசி வாரப் புதனன்று வெறுத்துப்போய்த் திரையையே அணைத்தான். ஆயிரம் பேர் வந்தார்கள். வந்தவர்கள் போகவும் இல்லை.

"உங்க கணிப்பு மாடல்ல எல்லாம் இருக்கு கபிலன், மனுஷங்களைத்தான் காணோம்," என்றாள் ரோஷினி. நாளைக்கு முடிவு சொல்கிறேன் என்று வேறு சொல்லிவிட்டுப் போனாள்.

கபிலனுக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் மண்டைக்குள் வண்டு குடைந்தது. வேலை போனால் போகட்டும், காரணமாவது தெரிய வேண்டாமா? வாசலுக்கு இறங்கி வந்தான். தரை துடைத்துக்கொண்டிருந்த செல்லக்கண்ணு அக்காவிடம் வாய்விட்டே புலம்பினான்.

"என் கணக்குல எங்க தப்புன்னே தெரியலக்கா."

செல்லக்கண்ணு சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"தப்பா? போன புதன் குலுக்கல்ல, மூணு மணிக்கு நீங்க போட்ட நம்பருக்குத்தானே தம்பி நாலு இலக்க லாட்டரியில மூணாவது பரிசு விழுந்துச்சு. இன்னிக்கு நம்பரைச் சீக்கிரம் போடுங்க லா, ஆறு மணிக்கு மேல டிக்கெட் தரமாட்டாங்க."