மூன்றாம் ஓலையும் ஜூன் இருபத்தைந்தும்

வரலாறு படித்துவிட்டு வேலை கிடைக்காமல் வீட்டில் இருக்கிற தம்பியிடம் அக்காவின் கல்யாணத் தேதியைச் சொல்லக் கூடாது. இந்தப் பேருண்மையைக் கண்டுபிடித்தவன் நான்தான். அந்தத் தம்பியும் நானேதான் என்பதால் பெருமைப்பட்டுக்கொள்ள வழியில்லை.

2008-ஆம் வருஷம். எனக்கு இருபத்திரண்டு வயது. புன்னைக்காயலில் எங்கள் வீட்டில் மூன்று வேளையும் மீன்குழம்பு சாப்பிட்டுக்கொண்டு, ஊருக்கு அறிவூட்டுவதை முழுநேரத் தொழிலாக வைத்திருந்தேன். (சம்பளம் கிடையாது. கேட்டிருந்தால் அடி கிடைத்திருக்கும்.) கடற்கரைக்குப் போகிற வழியில் ஒரு குருசடி உண்டு, சிலுவை நட்ட சின்னக் கோயில். அதன் பக்கத்துச் சுவரில் இளைஞர் மன்றத்தின் கரும்பலகை தொங்கும். அதில் தினமும் ‘இன்றைய நாள்’ என்று தலைப்புப் போட்டு, அதே தேதியில் முந்தைய வருஷங்களில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று நோட்டைப் பார்த்து எழுதிப்போடுவேன். கடலிலிருந்து கரையேறி வருகிறவர்கள் நின்று பார்ப்பார்கள். “இன்னைக்கு எவம்லே செத்தான்?” என்று கேட்டுவிட்டு வீட்டுக்குப் போவார்கள். வரலாறு மக்களைச் சென்றடைகிறது என்று நான் பூரித்துப்போவேன்.

எழுதிப்போடுவேன் என்று சொன்னதில் பாதி பொய். எழுதியது பிலோமி அக்கா. காலைப் பூசை முடிந்து வருகிற வழியில், தலையில் போட்ட முக்காட்டைக்கூட எடுக்காமல், நான் சொல்லச் சொல்ல சாக்பீஸால் எழுதுவாள். எழுத்து முத்து முத்தாக இருக்கும். என் நோட்டுக்குக் காக்கி அட்டை போட்டதும், அதன்மேல் ‘வரலாறு’ என்று எழுதி ஒட்டியதும் அவள்தான். என்னைவிட மூன்றே வயது மூத்தவள். அந்த நோட்டை வீட்டில் மதித்த ஒரே ஆள்.

அவளுக்குத் தருவைகுளத்திலிருந்து மாப்பிள்ளை அமைந்தது. பெயர் ஜெரோம். தூத்துக்குடித் துறைமுகத்தில், பெரிய கப்பல்களை இழுத்துவந்து கட்டுகிற டக் படகில் வேலை. கல்யாணம் முடிந்ததும் மில்லர்புரத்தில் வாடகை வீடு பார்த்துக் குடியிருப்பதாகப் பேச்சு. (எங்கள் ஊரிலிருந்து பஸ்ஸில் ஒரு மணி நேரம். நான் அப்போது அதை ஆஸ்திரேலியாவாக நினைத்துக்கொண்டேன்.) தேதியை மாப்பிள்ளை வீட்டார்தான் சொன்னார்கள்: ஜூன் 25, புதன்கிழமை.

“மாப்பிள்ளைக்கு அந்தத் தேதிதான் வேணுமாம். அதுக்கு அங்கிட்டு லீவு கிடையாதாம்” என்றாள் அம்மா.

நான் நேரே போய் நோட்டைத் திறந்தேன். ஜூன் 25-க்கு இரண்டே வரி இருந்தது. 1950: கொரியப் போர் தொடங்கியது. 1975: இந்தியாவில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. ஒன்று போர், இன்னொன்று நெருக்கடி. ஒரு குடும்பம் தொடங்க வேண்டிய நாளா இது?

அப்பா கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். விஷயத்தைச் சொன்னேன். தலையைத் தூக்காமலே கேட்டார்: “கொரியாவுல சண்டை வந்தா நம்ம புள்ளைக்கு என்னலே?”

அம்மா அதைவிட மோசம். “நாளு நேரம் பாக்குதவங்களாலே நாம? மாதா பாத்துக்கிடுவா. நீ போயி தண்ணி எடுத்துட்டு வா.”

வரலாற்றைப் புறக்கணித்த சமூகங்களுக்கு என்ன நேர்ந்தது என்று யோசித்துக்கொண்டே போய்த் தண்ணீர் எடுத்துவந்தேன்.

எங்கள் கடற்கரையில் கல்யாணம் என்றால் முதலில் ஓலை வாசிக்க வேண்டும். மூன்று ஞாயிற்றுக்கிழமை, பெண் ஊர்க் கோயிலிலும் மாப்பிள்ளை ஊர்க் கோயிலிலும், இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் திருமணம் என்று சாமியார் பூசையில் அறிவிப்பார். கடைசியில் ஒரு வரி வரும்: இதற்குத் தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள் பங்குச் சாமியாரிடம் தெரிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே பெண்டாட்டி இருக்கிறாள் என்கிற மாதிரி விஷயங்களுக்காக வைத்த வரி அது. எனக்குத் தெரிந்து ஒருத்தரும் போய்த் தெரிவித்தது கிடையாது. இரண்டாம் ஓலை வாசித்த அன்று அந்த வரியில் ‘கடமை’ என்ற சொல் மட்டும் என் காதில் விழுந்தது. என்னைப் பார்த்தே சொன்ன மாதிரி இருந்தது.

அடுத்த சனிக்கிழமை, கோடு போட்ட முழுத்தாளில் மனு எழுதினேன். அனுப்புநர், பெறுநர் எல்லாம் முறைப்படி போட்டு, ‘பொருள்: திருமணத் தடை தெரிவித்தல் தொடர்பாக’ என்று எழுதி, அடியில் இரண்டு கோடும் போட்டேன். எடுத்துக்கொண்டு போனால் சாமியார் இல்லை. கூட்டம் ஒன்றுக்காகத் தூத்துக்குடி போய்விட்டார், மறுநாள் காலைப் பூசைக்கு வேறு சாமியார் வருகிறார் என்றார் உபதேசியார் மிக்கேல் அண்ணாச்சி. கோயில் காரியங்களைச் சாமியாருக்கு அடுத்தபடியாகப் பார்த்துக்கொள்கிறவர். மனுவை வாங்கிப் ‘பொருள்’ வரை வாசித்தார். அதற்குமேல் சாமியார்தான் வாசிக்க வேண்டும் என்று மடித்துவிட்டார். அவ்வளவு நேர்மையான மனிதர். அந்த நேர்மைதான் எங்களைக் கவிழ்த்தது.

“ஏலே, நெசமாவா?”

“ஆதாரத்தோட எழுதியிருக்கேன் அண்ணாச்சி.”

“அக்காவுக்குத் தெரியுமா?”

“தெரியாது. தெரிஞ்சா தாங்க மாட்டா.”

அவர் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார். என்னுடைய பொறுப்புணர்வைக் கண்டு மனம் உருகிவிட்டார் என்று நினைத்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அவர் அடுத்த நிமிஷமே தருவைகுளத்துக்குப் போன் போட்டு, அங்கேயும் மூன்றாம் ஓலையை நிறுத்திவைக்கச் சொன்னது எனக்குத் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் வெளியூர்ச் சாமியார் ஓலை வாசித்தார். மேலத்தெருவில் ஒரு கல்யாணம், அதை வாசித்தார். தாளை மடித்தார். உட்கார்ந்துவிட்டார்.

அவ்வளவுதான். ஆனால் இரண்டு ஓலை வாசித்த பெண்ணுக்கு மூன்றாம் ஓலை வாசிக்கவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். கோயிலில் இருந்த தலைகள் எல்லாம் பெண்கள் பக்கம் திரும்பின. எனக்கு முதலில் வந்தது பெருமை என்பதை வெட்கத்தோடு ஒப்புக்கொள்கிறேன். மனு ஏற்கப்பட்டுவிட்டது! அதற்கப்புறம்தான் அக்காவின் முகத்தைப் பார்த்தேன். அவள் அழவில்லை. முக்காட்டை முன்னால் இழுத்துவிட்டுக்கொண்டு தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த முகத்தை நினைத்தால் இன்றைக்கும் எனக்குச் சோறு இறங்காது.

கோயிலிலிருந்து வீடு ஐந்து நிமிஷ நடை. குருசடி வருவதற்குள் மாப்பிள்ளைக்குக் கொழும்பில் ஒரு பெண்டாட்டி உண்டாகியிருந்தாள். பலசரக்குக் கடை தாண்டும்போது அவளுக்கு இரண்டு பிள்ளைகள். எங்கள் தெருமுனையில், தப்பு மாப்பிள்ளைமேல் இல்லை, பெண்மேல்தான் என்று தீர்ப்பும் சொல்லிவிட்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. திறக்க வேண்டும் என்று ஒவ்வொரு அடியிலும் நினைத்தேன். கால்தான் நடந்ததே தவிர வாய் வரவில்லை.

பதினோரு மணிக்குத் தருவைகுளத்திலிருந்து வேன் வந்தது. மாப்பிள்ளை, அவர் அம்மா, சித்தப்பா.

“எம்புள்ள மேல என்ன குத்தம் கண்டிய? ஓலைய எதுக்கு நிப்பாட்டுனிய?” என்று வாசலிலேயே ஆரம்பித்தார் அந்த அம்மா.

“நாங்க எங்க நிப்பாட்டுனோம்? நீங்கதான் நிப்பாட்டுனியன்னு நாங்க இடிஞ்சிபோயி இருக்கோம்” என்றார் அப்பா.

பேச்சு முற்றிக்கொண்டே போனது. ஒரு கட்டத்தில் சித்தப்பா எழுந்து, “மறைக்காமச் சொல்லுங்க. பொண்ணு மனசுல வேற யாரும் உண்டுமா?” என்று கேட்டார். கதவுக்குப் பின்னால் நின்ற அக்காவின் வளையல் ஒரு தடவை குலுங்கி நின்றது. அதற்குமேல் என்னால் முடியவில்லை.

“நான்தான்” என்றேன்.

(பொண்ணு மனசுல யாரு என்ற கேள்விக்கு இது பதிலாகும் என்று எனக்குத் தோன்றவில்லை. சித்தப்பா நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.)

“ஓலைய நிப்பாட்டுனது நான்தான்” என்று அவசரமாகத் திருத்தினேன்.

அந்தச் சமயம் பார்த்து, தூத்துக்குடியிலிருந்து திரும்பியிருந்த எங்கள் சாமியாரைக் கூட்டிக்கொண்டு உபதேசியார் உள்ளே வந்தார். சாமியார் கையில் என் மனு. நின்றபடியே உரக்க வாசித்தார். கொரியப் போர் வந்தது. நெருக்கடி நிலை வந்தது. மாப்பிள்ளையின் அம்மா பக்கத்தில் இருந்தவரிடம், “இவன் என்ன சொல்லுதான்?” என்று மெதுவாகக் கேட்டார்.

கடைசிப் பத்தியை வாசிக்கும்போது சாமியாரின் குரல் கொஞ்சம் தணிந்தது. ‘மாற்றுத் தேதி பரிந்துரைக்கும் பொருட்டு வருஷத்தின் 366 நாள்களையும் ஆராய்ந்தேன். போரோ, சாவோ, கப்பல் மூழ்கியதோ இல்லாத நாள் ஒன்றுகூட இல்லை. ஆகையால் இத்திருமணத்தைக் காலவரையறையின்றித் தள்ளிவைக்கும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

அக்கா கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தாள்.

“அப்பம் நான் என்னைக்குமே போவக் கூடாதாலே?”

நான் நெருக்கடி நிலையைப் பற்றி ஏதோ சொல்லத்தான் வாயைத் திறந்தேன். வந்தது வேறு. “போர்டு யாருக்கா எழுதுவா?” என்று கேட்டுவிட்டு, மாப்பிள்ளை வீட்டார், சாமியார், உபதேசியார் எல்லாருக்கும் முன்னால், இருபத்திரண்டு வயதில், மீசையோடு, ஓவென்று அழுதேன். அவள் இல்லாத வீட்டில் இருக்க எனக்குப் பயமாக இருந்தது. அதைச் சொல்லத் தெரியாமல் கொரியாவரை போய்விட்டு வந்திருக்கிறேன். அக்கா என் தலையில் ஓங்கி ஒரு குட்டு வைத்தாள். வைத்த கையை எடுக்கவில்லை.

மாப்பிள்ளை நோட்டைக் கேட்டு வாங்கினார். ஜூன் 25-ஐப் புரட்டிப் பார்த்தார். முகம் மாறிவிட்டது.

“எண்பத்து மூணு எங்க?”

“அது விளையாட்டு. இது வரலாறு” என்றேன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு.

“ஓலைய நிப்பாட்டுனதக்கூட மன்னிச்சிருவேன் மாப்ள. இத எப்படி மன்னிக்க?” என்றார். “எண்பத்து மூணு ஜூன் இருபத்தஞ்சுலதான் லார்ட்ஸ்ல நாம உலகக் கோப்பை அடிச்சோம். இந்த வருசம் இருபத்தஞ்சாவது வருசம். அதுக்குத்தானே நான் இந்தத் தேதியக் கேட்டது!”

“அதுக்காலே கேட்ட?” என்று அவர் அம்மா துள்ளி எழுந்தார். “லீவு கிடைக்காதுன்னுல்லா எங்கிட்டச் சொன்ன?”

மாப்பிள்ளை நாக்கைக் கடித்துக்கொண்டார். பிறகு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். “இன்னொண்ணு கேளு. முப்பத்திரண்டுல நம்ம மொதல் டெஸ்ட்டு தொடங்குனதும் அதே லார்ட்ஸ்ல, அதே ஜூன் இருபத்தஞ்சு. அன்னைக்குத் தோத்துட்டோம். ராசியில்லாத தேதின்னு விட்டிருந்தா எண்பத்து மூணுல நாம அங்கன போயிருப்பமா?”

அக்கா முதல் தடவையாக அவரை நேராகப் பார்த்தாள். பார்த்துவிட்டுச் சிரித்தாள். என்னுடைய தடை அங்கேயே தோற்றுப்போனது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலப் பூசையில் எங்கள் சாமியாரே மூன்றாம் ஓலையை வாசித்தார். தருவைகுளத்திலும் வாசித்தார்கள். ‘தடை ஏதும் இருப்பதாக அறிந்தவர்கள்’ என்ற இடத்தில் சாமியார் நிறுத்தி என்னைப் பார்த்தார். ஊரே என்னைப் பார்த்தது. நான் கோயில் முகட்டைப் பார்த்தேன்.

கல்யாணத்தன்று காலையில் கோயிலுக்குப் போகிற வழியில், குருசடி பக்கத்தில் அக்கா நின்றுவிட்டாள். “ஏளா, நேரமாவுது! பட்டுச்சேலையெல்லாம் சுண்ணாம்பு ஆயிரும்!” என்று அம்மா கத்தினாள். அக்கா கேட்கவில்லை. என்னிடம் சாக்பீஸ் வாங்கினாள். நான் ஒன்றும் சொல்லவில்லை, அவளே எழுதினாள்.

1932: லார்ட்ஸ் மைதானத்தில் இந்தியாவின் முதல் டெஸ்ட் தொடக்கம். தோல்வி.
1950: கொரியப் போர்.
1975: நெருக்கடி நிலை.
1983: அதே மைதானம். உலகக் கோப்பை.
2008: பிலோமி – ஜெரோம் திருமணம். தடை ஏதும் இல்லை.

மறுநாள் போர்டை நானே எழுதினேன். “பலகையில நண்டு ஓடிச்சாலே?” என்று கேட்டார்கள். ஆனாலும் விடாமல் எழுதினேன், விளையாட்டையும் சேர்த்து.

சில வருஷம் கழித்து எனக்கும் ஓலை வாசித்தார்கள். மூன்றாம் ஞாயிறு, ‘தடை ஏதும்’ என்று சாமியார் சொல்லி வாய் மூடவில்லை, பெண்கள் பக்கத்தில் அக்கா விருட்டென்று எழுந்து நின்றாள். எனக்கு உயிரே இல்லை. அவள் நிதானமாகச் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு உட்கார்ந்தாள்.

இப்போது நானும் தூத்துக்குடியில் கப்பல் ஏஜென்சி ஒன்றில் வேலை பார்க்கிறேன். எங்கள் குடும்பத்தில் யார் எந்தக் காரியத்துக்குக் கிளம்பினாலும், அது திருச்செந்தூர் ரோட்டுக்குப் பரோட்டா வாங்கப் போவதாக இருந்தாலும், “மாமாகிட்டத் தடை உண்டான்னு கேட்டியா?” என்று அக்கா பிள்ளைகள் கேட்காமல் இருப்பதில்லை. ஜூன் 25 காலையில் அக்காவின் போன் வந்துவிடும். அவள் ஹலோகூடச் சொல்வதில்லை.

“ஏலே, இன்னைக்குத் தடை ஏதும் உண்டா?”

“ஒண்ணும் இல்லக்கா.”

இத்தனை வருஷம் ஆகியும், அதைச் சொல்வதற்கு முன்னால் எனக்கு ஒரு நொடி ஆகிறது.