சூடான புகை

அதிகம் பேசாதவன் அதிகம் தவறு செய்யமாட்டான் என்று பலர் நம்புகிறார்கள். நானும் நம்பியிருந்தேன், மச்சானின் வேனை ஒரே ஒரு சொல்லால் பிரித்துப் போடும் வரை.

மச்சான் என் மனைவி லெட்சுமியின் அண்ணன். கட்டாருக்குப் போகும்போது தன் பழைய டர்போ டீசல் வேனை யட்டியாந்தோட்டையில் எங்களிடம் விட்டுப் போனார். லீவில் வரும்போது கட்டுநாயக்கா விமான நிலையத்திலிருந்து அதே வேனில் வீட்டுக்கு வரவேண்டும் என்பது அவர் ஆசை. வேன் அப்படியே இருக்கிறது என்று போனில் நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். (அப்படியேதான் இருந்தது, புகை மட்டும் புதிது.)

அவர் வருவதற்கு முந்தின வாரம், ஏற்றத்தில் பின்னால் ரப்பர் மரமே தெரியாத அளவுக்குப் புகை. ஒயிலும் குறைந்துகொண்டே வந்தது. கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம், நீலம் என்றால் ஒயில் எரிகிறது, வெள்ளை என்றால் தண்ணீர் உள்ளே போகிறது என்று கடைத்தெருவில் ஆளுக்கொன்று சொன்னார்கள். சைலன்சருக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். நீலமாகவும் இருந்தது, சாம்பலாகவும் இருந்தது. குழப்பத்தில் கையை நீட்டிப் பார்த்தேன். சுட்டது. அது ஒன்றுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

மெக்கானிக் சுனில் பாஸுக்குப் போன் போட்டேன். எனக்குச் சிங்களம் நன்றாகவே வரும். ஆனால் போனில் பேசினால் பதற்றத்தில் பாதிச் சொல் தமிழாகிவிடும். என்ன மாதிரிப் புகை என்று கேட்டார்.

"சூடு, பாஸ்" என்றேன்.

அவர் பதறிப்போய், இனி ஸ்டார்ட் பண்ணவே கூடாது, கட்டி இழுத்து வாருங்கள் என்றார். தோட்டத்து டிராக்டரில் கட்டி இழுத்துப் போனோம். எஞ்சினின் ஹெட்டைக் கழற்றிச் சாக்கில் வைத்தார். கேஸ்கட்டில் பழுதில்லை. தண்ணீர் போன அடையாளமும் இல்லை. அவர் தலையைச் சொறிந்தார். துணைக்கு நானும் சொறிந்தேன். (ஏன் தண்ணீரைத் தேடுகிறார் என்று கேட்கக் கூச்சம்.) கடைசியில் டர்போ குழாயைக் கழற்றினார். ஒயில் வடிந்தது. டர்போவின் சீல் தேய்ந்து, அந்த வழியாக ஒயில் உள்ளே போய் எரிந்திருக்கிறது.

"மஹத்தயா சுதுனே கிவ்வே" என்றார் பரிதாபமாக.

ஐயா சுது என்றுதானே சொன்னீர்கள் என்கிறார். சிங்களத்தில் சுது என்றால் வெள்ளை. என் சூடு அவர் காதில் சுதுவாக விழுந்திருக்கிறது.

"பொகை சூடா வராம ஐஸ் மாதிரியா வரும்?" என்றாள் வீட்டில் கதையைக் கேட்ட லெட்சுமி.

மச்சானைப் பஸ்ஸில் போய்க் கூட்டிவந்தோம், பெட்டிகளோடு கேகாலையில் பஸ் மாறி. முதலில் கராஜுக்குத்தான் போகவேண்டும் என்றார். போனார். சாக்கைப் பார்த்தார்.

"மாப்ள, வேன் அப்படியே இருக்குன்னீங்களே."

"எல்லாம் இருக்குங்க மச்சான். கொஞ்சம் தள்ளித் தள்ளி இருக்கு."

லீவு முழுதும் அவர் பஸ்ஸில்தான் சுற்றினார். அவர் திரும்பிப் போன அன்றுதான் வேன் வீட்டுக்கு வந்தது.

இப்போதும் அவர் வந்தால், எனக்கு டீ கொடுக்கும் முன் எல்லோர் எதிரிலும் கேட்பார்: "மாப்ள, தமிழ் சூடா, சிங்கள சூடா?" எனக்குப் பிடித்தது பால் ஊற்றாத பிளேன்டீ. ஆனால் எல்லோரும் சிரிக்கும்போது வெட்கத்தில் தலையை மட்டும் ஆட்டிவிடுகிறேன். வெள்ளையாகப் பால் டீதான் வருகிறது.