குணம் மாறாச் சான்றிதழ்

சர்க்காருக்கு நெல்லை அளக்கத் தெரியும், காணியை அளக்கத் தெரியும். ஐம்பத்தோராம் ஆண்டில் மனிதரின் குணத்தையும் அளந்துவிடுவதென்று கொழும்பில் தீர்மானமாகி, கல்முனைக்கு ஒரு குண அளவைக் காரியாலயம் வந்து சேர்ந்தது. பதினாலு வயதுப் பொடியன்மார் இருபது கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். ஏழு வருடம் கழித்து அதே ஆட்கள் அதே கேள்விகளுக்குத் திரும்பவும் எழுத வேண்டும். கேள்வியில் ஒரு புள்ளியும் மாறக் கூடாது. மாறினால், மாறியது கேள்வியா ஆளா என்று தெரியாமல் போய்விடுமாம். இதுவரைக்கும் புத்தியான காரியம்தான்.

ஐம்பத்தெட்டில் சாய்ந்தமருதுப் பளீலுக்குச் சர்க்காரில் இலிகிதராக எழுத்து வேலை கிடைத்தது. குணம் மாறாச் சான்றிதழைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலாம் தேதியே கதிரையில் உட்காரலாம். அந்தச் சந்தோசத்தில் அவன் பெண்சாதியைப் பெற்ற மாமி வட்டிலப்பம் அவித்தார்.

அளவை அதிகாரி ஷரிபுதீன் காரியாலயத்துக்குள் புத்தகத் தமிழில்தான் கதைப்பார். பளீலின் இரண்டு தாள்களையும் அருகருகே வைத்துப் பார்த்தார்.

"ஒன்பதாம் கேள்வி. 'உம்மாவின் வீட்டை விட்டு வேறு வீட்டில் போய் இருப்பாயா?' அன்று 'இல்லை' என்றீர். இன்று 'ஓம்' என்கிறீர்."

"கலியாணம் முடிச்சிட்டன் சேர். பொண்டாட்டிட ஊட்டதானே இரிக்கன். இஞ்ச எல்லாரும் அப்பிடித்தானே."

"கேள்வியில் கலியாணம் இல்லை. வீட்டை விட்டு ஓடும் குணம் உமக்கு வாலிபத்தில் வந்திருக்கிறது."

"கேள்வி பிழையா இரிக்கலாமே சேர்?"

"கேள்வி கொழும்பால் அங்கீகரிக்கப்பட்டது. நீர் அங்கீகரிக்கப்பட்டவரா?"

பளீலிடம் அப்படியொரு பத்திரமும் இருக்கவில்லை.

"போய் உம்மா வீட்டில் இரும். குணம் பழைய நிலைக்குத் திரும்பியதும் வந்து எழுதும்," என்றார் அதிகாரி.

பளீல் பெட்டியோடு உம்மா வீட்டுக்குப் போனான். எங்கள் ஊரில் மாப்பிள்ளை பெட்டியோடு உம்மா வீட்டுக்குப் போனால் அதற்கு ஒரே அர்த்தம்தான். பின்னேர அஸர் தொழுகைக்குள் பள்ளிவாசலை நிர்வகிக்கும் மரைக்கார்மார் இரண்டு பேர் சமாதானம் பேச வந்துவிட்டார்கள். மாமி அழுதார். பளீலின் பெண்சாதி ஸகியா அழவில்லை. பஸ் ஏறி மருதமுனைக்குப் போனாள். அதிகாரி ஷரிபுதீன் கலியாணம் முடித்தது அங்கேதான், இருப்பதும் பெண்சாதி றம்லாவின் வீட்டில்தான்.

"ராத்தா, பொண்டாட்டிட ஊட்டுல இரிக்கிற ஆம்புளயெல்லாம் ஊட்ட விட்டு ஓடின ஆக்களெண்டு ஒங்கட மாப்புள எழுதுறாராமே."

றம்லா தறியை நிறுத்தினாள். "அப்பிடியா புள்ள? வரட்டும். அவர்ர பெட்டியையும் கட்டி வெக்கன்."

மறுநாள் காலை காரியாலயக் கதவில் ஓர் அவசரத் திருத்தம் ஒட்டப்பட்டிருந்தது: 'மனைவியின் வீடு, இத்திட்டத்தின் நோக்கங்களுக்காக, உம்மாவின் வீடாகவே கருதப்படும்.'

பளீலின் தாள்கள் அச்சொட்டாகப் பொருந்தின. சான்றிதழைப் பார்த்ததும் ஊருக்கே ஆசை வந்துவிட்டது. பொத்துவிலிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். பதினாலு வயதில் எழுதாத எங்களைப் போன்ற வயதானவர்கள், எழுதியிருந்தால் என்ன எழுதியிருப்போம் என்று யோசித்து எழுதினோம். எல்லாருக்கும் பொருந்தியது. நான் என்னுடையதைக் கண்ணாடிச் சட்டம் போட்டுக் கடையில் மாட்டினேன். சான்றிதழ் இல்லாத மாப்பிள்ளைக்குப் பெண் கொடுப்பதில்லை என்றும் ஆகிவிட்டது.

முதலாம் தேதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது கொழும்பிலிருந்து கடிதம் வந்தது.

'உமது பகுதியில் ஓர் ஆணின் குணமும் பதினாலு வயதிலிருந்து மாறவில்லை. அறிக்கை அனுப்பிய அதிகாரி உட்பட அனைவரும் இன்னும் உம்மாவின் வீட்டிலேயே இருக்கிறார்கள். ஆகவே அங்கு வாலிபப் பருவம் ஆரம்பிக்கவில்லை எனத் தீர்மானிக்கப்படுகிறது. பருவமடையாதோரை உத்தியோகத்தில் வைத்திருக்க விதியில்லை. ஆரம்பிக்கும் வரை, பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலைச் சாப்பாடாக வழங்குவது போல், ஆளுக்கொரு பணிஸ் ரொட்டி வழங்கவும்.'

பளீல் கொண்டுவந்த கடிதப் பிரதியை ஸகியா மாமிக்கு வாசித்துக் காட்டினாள். மாமி ஆறுதலாகக் கேட்டார்: "இதக் கண்டுபுடிக்க அவங்களுக்கு ஏழு வருசமா? எங்கிட்டக் கேட்டிருக்கலாமே."

இப்போது காலையில் பள்ளிக்கூட வாசலில் வரிசை நீளமாக இருக்கிறது. முன்னால் பளீல், அவனுக்குப் பின்னால் ஷரிபுதீன், அவருக்குப் பின்னால் நான். நீங்களும் கலியாணம் முடித்தவரென்றால் வந்து நில்லுங்கள். சான்றிதழை மறக்காமல் கொண்டு வாருங்கள். அது இல்லாமல் பணிஸ் தரமாட்டார்கள்.