மூடித் திறந்தால் முழிக்காத லேப்டாப்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமனாரின் ஆசிகள். இங்கே நான் நலம், உங்கள் மாமியார் நலம், சுவர்க்கடிகாரம்கூட நலம். நீங்கள் லினக்ஸ் போட்டுக்கொடுத்த லேப்டாப்தான் நலமில்லை.

பத்து நாளுக்கு முன்னால், மத்தியானம், வெளியே தூறல், எனக்கோ உண்ட மயக்கம். ஏதோ தட்டிக்கொண்டிருந்த உங்கள் மாமியார் துணி எடுக்க மாடிக்கு ஓடினாள். திறந்து கிடக்கிறதே, தூசி விழுமே என்று நல்லெண்ணத்தில் மூடியைச் சாத்தினேன். அவள் வந்து திறந்தால் திரை கன்னங்கரேல். "நாப்பத்திரண்டு பக்கம்! சேமிக்கவே இல்ல!" என்றாள். அதற்கப்புறம் பேச்சே இல்லை. காபி மட்டும் வந்தது, டங்கென்று.

முப்பத்தாறு வருஷம் ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து டாக்டருக்கு உதவியாளாக இருந்தவன் நான். எத்தனை பேரைக் கன்னத்தில் தட்டி எழுப்பியிருப்பேன், இது எம்மாத்திரம் என்று உட்கார்ந்தேன். தட்டினேன். "கண்ணத் திறங்க, எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது" என்றுகூடச் சொல்லிவிட்டேன், பழக்கதோஷம். காதை வைத்தால் உள்ளே விசிறி ஓடுகிறது. பெரிய எழுத்துக்கான பொத்தானை அழுத்தினால் குட்டி விளக்கு எரிகிறது. நாடி இருக்கிறது மாப்பிள்ளை! ஆள் உள்ளே முழிப்பு, இமைதான் திறக்கவில்லை. அணைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்றார் எதிர்வீட்டு எலக்ட்ரீஷியன். அணைத்தால் நாற்பத்திரண்டு பக்கமும் போச்சே! சார்ஜரைச் சொருகி மூன்று நாள் கண்காணிப்பில் வைத்தேன்.

நாலாம் நாள் கைபேசியில் துழாவினால், எங்கேயோ ஒரு புண்ணியவான் எழுதியிருக்கிறார்: தூங்கி எழுந்த லேப்டாப்பில் சிலசமயம் திரைக்குப் பின்னால் இருக்கும் விளக்கு மட்டும் எரியாதாம், டார்ச் அடித்துப் பார்க்க வேண்டுமாம். ஜன்னல் திரைச்சீலையை இழுத்துவிட்டு டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தேன். அடடா! குளத்தடியில் கிடக்கிற கூழாங்கல் மாதிரி, மங்கலாக, எழுத்துகள். ஒன்றுகூடத் தொலையவில்லை. மழைச் சத்தத்தில், வட்ட வெளிச்சத்தை வரிவரியாக நகர்த்திப் படித்துக்கொண்டே போனேன்; நான் முழித்திருந்தேனா என்றே சந்தேகமாக இருந்தது.

கதை மாப்பிள்ளை! ஒருத்தர் ஊரில் எல்லோரையும் எழுப்பிவிடுகிறார், வீட்டுக்கு வந்ததும் தூங்கிப்போகிறார். அவர் மனைவி பக்கத்தில் உட்கார்ந்து, அவருக்கு என்ன கனவு வரும் என்று தானே யோசித்து எழுதிவைக்கிறாள். ஒரு கனவில் அவர் ஆற்றின் மேல் படுக்கை போட்டுப் போகிறார், கரையெல்லாம் அவர் எழுப்பிவிட்டவர்கள் கையசைக்கிறார்கள். அந்த ஆளை எங்கேயோ பார்த்த ஞாபகம், பிடிபடவில்லை.

வாசல்படியில் குரல். "எது வரைக்கும் படிச்சீங்க?" நாலு நாளில் முதல் வார்த்தை.

"பதினேழாம் பக்கம்."

"அதுக்கப்புறம்தான் நல்லா இருக்கும். இப்படிக் குடுங்க" என்று டார்ச்சை வாங்கிக்கொண்டாள். நான் நகர்ந்து உட்கார்ந்து இடம் விட்டேன்.

இந்தக் கடிதமும் அதே இருட்டில்தான் தட்டுகிறேன். டார்ச் அவள் கையில். அவள் மூக்குக்கண்ணாடி அடுப்படியில் இருக்கிறதாம், ஆகையால் தைரியமாக எழுதுகிறேன்: இப்படி இருட்டில் எழுத வேண்டியிருக்கிறதே, அவளை நினைத்தால் பாவமாக இருக்கிறது. அடுத்த லீவுக்கு அவசியம் வந்து சரிசெய்து கொடுங்கள். பெண்ணுக்கு எங்கள் அன்பு. தூங்கினால் நன்றாகத் தூங்கி, எழுந்தால் நன்றாக எழுந்து, நீங்கள் இருவரும் நீடூழி வாழ்க.

இப்படிக்கு,
மாமனார்

பி.கு.: மாப்பிள்ளை, இது நான். அவர் கை கழுவப் போயிருக்கார். கண்ணாடி என் தலைமேலேயேதான் இருந்தது. அவர் டார்ச் அடிச்சுப் படிச்ச மறுநாளே, நீங்க போன்ல சொன்ன மூணு பொத்தானை அமுக்கினதும் பளிச்சுன்னு படம் வந்துடுச்சு, நாப்பத்திரண்டு பக்கமும் அப்பவே சேமிச்சாச்சு. நான்தான் மறுபடி மூடித் திறந்து இருட்டாவே விட்டேன். முப்பத்தாறு வருஷத்துல ஒரு நாள் என்ன எழுதறேன்னு கேட்டிருப்பாரா? இப்ப தினம் மத்தியானம் தூங்காம, "டார்ச் எங்க?"ன்னு வந்து பக்கத்துல உக்கார்றார். நீங்க ஒண்ணும் சரிபண்ண வேண்டாம். கேட்டா, பார்ட்ஸ் கிடைக்கலன்னு சொல்லிடுங்க.