தரங்கம்பாடி மச்சானுக்கு, தாங்கள் ஆம்பூரில் காலமானது குறித்து

ஆம்பூர்,
18 பிப்ரவரி 1932, வியாழன்.

மிகுந்த அன்புக்கும் மரியாதைக்கும் உரிய மச்சான் பாக்கியநாதன் அவர்களுக்கு, தங்கள் தங்கை மரியம்மாளின் கணவன் கிருபானந்தம் ஸ்தோத்திரத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நாங்கள் மூவரும் கடவுள் கிருபையால் சுகம். தாங்களும் சுகமாக இருப்பீர்கள் என்று முழுமனதாக நம்புகிறேன். ஏனென்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை முதல் ஆம்பூரில் தாங்கள் உயிரோடில்லை.

பதற வேண்டாம். பழி முழுவதும் தமிழைச் சேரும். அமீர் பாஷா சாயபுவின் தோல் மண்டிக்குக் கணக்கப்பிள்ளையாக நான் வந்து எட்டு மாதமாகிறது. அதற்குள் நம் ஞானசுந்தரியைப் பார்க்க இரண்டு இடத்திலிருந்து வந்து, "பொண்ணு நல்லாத்தான் கீது, இவங்க பேசறதுதான் ஒண்ணும் புரியல" என்று போய்விட்டார்கள். மூன்றாவது வரன் எங்கள் மண்டி மேஸ்திரி ரத்தினசாமியின் மகன் தனகோடி, வேலூரில் கம்பவுண்டர். பையனைக் கோயிலில் இரண்டு தரம் பார்த்தபிறகு ஞானசுந்தரி தானாகவே, அவர்கள் பெண் பார்க்க வரும் நாளுக்கென்று என் கோட்டை எடுத்து இஸ்திரி போட்டாள் என்றால் அவள் மனசைத் தாங்களே புரிந்துகொள்ளலாம்.

ஞாயிறு மாலை ரத்தினசாமியும் அவர் மனைவி அன்னம்மாளும் பெண் பார்க்க வந்தார்கள். மரியம்மாள் வடைக்கு வெங்காயம் அரிந்த கண்ணோடு கூடத்துக்கு வந்தாள். "பொண்ணுக்குத் தாய்மாமன் இன்னா பண்றாரு?" என்று அன்னம்மாள் கேட்க, தங்கள் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டே, "செத்த முன்னாடிதான் அண்ணன் கடுதாசி வந்துச்சு" என்றாள். நம் பக்கத்தில் செத்த என்றால் சற்று நேரம். இந்த ஊரில் அந்தச் சொல்லுக்கு ஒரே அர்த்தம்தான் உண்டு. ரத்தினசாமி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். அன்னம்மாள் மரியம்மாளின் கையைப் பிடித்து, "அழாத சம்மந்தி. மத்ததெல்லாம் அப்பால பேசிக்கலாம்" என்றாள். இங்கே அப்பால என்றால் பிறகு என்று அர்த்தமாம். எனக்கென்ன தெரியும்? பெண்கள் பேசவேண்டும், ஆண்பிள்ளை அப்பால் போகச் சொல்கிறாள் என்று எண்ணி எழுந்து, கொல்லையில் கிணற்றுக்கு அந்தப் பக்கம் போய் அரை மணி நேரம் தனியாக நின்றேன். மச்சானை நினைத்துத் தேம்புகிறார் என்று அவர்கள் பேசிக்கொண்டார்களாம்.

நான் திரும்பி வருவதற்குள் அன்னம்மாள் தன் கழுத்துச் சங்கிலியைக் கழற்றி ஞானசுந்தரிக்குப் போட்டிருந்தாள். "தாய்மாமன் இல்லாத பொண்ணு. இத நான் வுட மாட்டேன்" என்றாள். எந்த மாமன், எப்போது இல்லாமல் போனான் என்று எனக்கு விளங்கவேயில்லை. மரியம்மாளோ, தாய்மாமன் பக்கத்தில் இல்லாத பெண் என்று இரங்குகிறாளாக்கும் என எண்ணித் தலையாட்டிக்கொண்டிருந்தாள். திங்கட்கிழமை மண்டிக்குப் போனால் சாயபு எழுந்து வந்து தோளில் கை வைத்து, "மச்சான்னா தோஸ்த் மாதிரி. ஜாஸ்தி பேஜாராவாத, நாலு நாள் வூட்ல இரு" என்றபோதுதான் விளங்கியது. உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். சங்கிலி ஞாபகம் வந்தது, மூடிக்கொண்டேன். இப்போது போய்த் தாங்கள் உயிரோடிருப்பதாகச் சொன்னால், இரக்கத்தைத் தேடப் பொய்யழுகை அழுத குடும்பம் என்றல்லவா பேர் வரும். புதன்கிழமை ஜெபக்கூட்டத்தில் போதகர் ஐயர் தங்களுக்காக ஒரு பாட்டுப் பாடவைத்து, தங்கள் நற்குணங்கள் மூன்றைச் சொல்லும்படி என்னை எழுப்பிவிட்டார். இரண்டு சொன்னேன். மூன்றாவது நினைவுக்கு வராமல் குரல் தடுமாறியதும் சபையே கண்ணீர் விட்டது.

ஆகையால் மச்சான், தங்கை மகள் வாழ்வை உத்தேசித்துத் தாங்கள் கல்யாணம் முடியும்வரை தயவுசெய்து இப்படியே இருக்கவேண்டும். வரவும் வேண்டாம், தந்தி அடிக்கவும் வேண்டாம். ஞானசுந்தரிக்கு மட்டும் இந்த ஏற்பாடு சம்மதமில்லை. "மாமாவைக் கொன்னுட்டு எனக்கு ஒரு கல்யாணமா?" என்று இரண்டு நாளாகச் சாப்பாட்டைத் தள்ளுகிறாள். காலப்போக்கில் தங்களை எப்படியாவது மீட்டுக்கொள்கிறேன். ஆண்டவர் தங்களுக்கு நீண்ட ஆயுளையும், அதைத் தரங்கம்பாடி எல்லைக்குள்ளேயே கழிக்கும் பொறுமையையும் அருள்வாராக.

இப்படிக்கு,
தங்கள் மைத்துனன் கிருபானந்தம்

பின்குறிப்பு: மேலே கண்ட யாவும் ரத்து. உறை ஒட்டுமுன் அன்னம்மாள் துக்க வீட்டுக்கென்று குழம்புச் சட்டியோடு வந்தவள், மேஜைமேல் இருந்த உறையை எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டு, "இன்னா சம்மந்தி, செத்தவருக்குத் தபால் போடறீங்க. பதில் வருமா?" என்று கேட்டாள். நான் விழிப்பதற்குள் ஞானசுந்தரி முன்னால் வந்து, சங்கிலியைக் கழற்றி அவள் கையில் கொடுத்து, எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். அன்னம்மாள் குழம்புச் சட்டியை மேஜைமேல் இறக்கி வைத்தாள். பிறகு தரையில் உட்கார்ந்து வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சங்கிலியைத் திரும்ப அவள் கழுத்தில் போட்டு, "உண்மைய சொல்ற பொண்ணு. அதான் எனக்கு வேணும். ஆனா நாலு நாளா அந்த மனுசனுக்காக அழுதிருக்கேன், மூஞ்சியக் காட்டாம இருந்தா வுட மாட்டேன்" என்றாள். ஆகவே குடும்பத்தோடு உடனே புறப்படவும். அரக்கோணத்தில் வண்டி மாறவேண்டும். தெருவில் எல்லாருக்கும் இன்னும் சொல்லி முடிக்கவில்லையாதலால் வெள்ளை வேட்டி உடுத்தி விடியற்காலையில் வந்து இறங்காமல், கறுப்புக் கோட்டுப் போட்டுக்கொண்டு பகல் வண்டியில் வரவும்.