பவுனம்மாள் வீட்டுப் பேரப்பெட்டி

முன்னொரு காலம் என்று சொல்ல முடியாத ஒரு காலத்தில், ஏழுமடை என்றொரு நாடு இருந்தது. அங்கே ராஜாவும் இருந்தார், ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தலும் இருந்தது. இரண்டும் எப்படி ஒத்துப்போயின என்று அந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை. நாமும் கேட்க வேண்டாம்.

அந்த நாட்டுச் சந்தையில் பேரம் பேசுவதில் பவுனம்மாளை மிஞ்ச ஆள் கிடையாது. பணியாரம் சுட்டு விற்றுப் பிழைப்பவள். எந்தப் பொருள் கட்டாயம் வேண்டுமோ அதைத்தான் கடைசியாக, போனால் போகிறது என்பதுபோல் விலை கேட்பாள். பிறகு உதட்டைப் பிதுக்கிவிட்டு நடையைக் கட்டுவாள். பத்தடி போவதற்குள் கடைக்காரர், "இந்தாம்மா, வா, நீ கேட்ட விலைக்கே எடுத்துக்க" என்று கூப்பிட்டுவிடுவார். அவளுக்கு அது வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அவருக்குத் தெரியும் என்று அவளுக்கும் தெரியும். இந்த நாடகத்தில்தான் இரண்டு வீட்டிலும் அடுப்பு எரிந்தது.

சந்தையின் கூச்சல் அரண்மனைவரை கேட்டது. வணிக மந்திரி மனம் நொந்து ஓர் ஆணை போட்டார். இனி மக்கள் பேரம் பேசிச் சிரமப்பட வேண்டாம். வீட்டுக்கொரு பேரப்பெட்டி, கடைக்கொரு பேரப்பெட்டி. என்ன வேண்டும், எத்தனை நாள் காத்திருக்க முடியும் என்று வீட்டுப் பெட்டியிடம் சொன்னால் போதும். அது கடைப் பெட்டியோடு பேசி விலையை முடித்துவிடும். காத்திருப்பவருக்கு விலை குறையும், அவசரக்காரருக்குக் கூடும். "குடிமக்களின் நேரத்தையும் மதிக்கும் முதல் அரசு இதுவே" என்று மந்திரி முழங்கினார்.

ஜனங்கள் ஒரே வாரத்தில் விஷயத்தைப் பிடித்துக்கொண்டார்கள். ஆயுள் முழுக்கக் கடைக்காரரிடம் அவசரத்தை மறைத்தவர்கள் பெட்டியிடமா உளறுவார்கள்? அரிசிக்கு இருபது நாள் என்றார்கள். கைக்குழந்தையின் பாலுக்கு ஒரு வாரம் என்றார்கள். விலை விழுந்தது, சாமானோ மறுநாளே வந்தது. பவுனம்மாள் பெட்டியைத் துடைத்துப் பொட்டு வைக்காத குறைதான்.

பெரிய கடைக்காரர்கள் அரண்மனையில் போய் அழுதார்கள். இரண்டாவது ஆணை வந்தது: எத்தனை நாள் என்று சொன்னாரோ அத்தனை நாள் கழித்தே பொருள். சொன்ன சொல்லை மாற்றவும் கூடாது; வாய்மையே இந்நாட்டின் பண்பாடு. அதற்குள் அவசர விலை யாருக்கும் எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. ஆகவே ஜனங்கள் அரை வயிற்றோடு காத்திருக்கப் பழகிக்கொண்டார்கள்.

ஐப்பசி மழையில் பவுனம்மாளின் கணவன் கதிரேசனுக்கு இழுப்பு முற்றியது. வைத்தியர் எழுதிய மருந்து இன்றே வேண்டுமென்றால், அவள் அடுப்பையும் பணியாரக் கல்லையும் சேர்த்து விற்றாலும் போதாது. ஐந்து நாள் என்றால் கையிலிருப்பது சரியாக இருந்தது. "சொல்லிடு பவுனு, நான் தாங்கிக்குவேன்" என்றான் கதிரேசன், சொல்லுக்குச் சொல் மூச்சு வாங்கி. அவள் பெட்டியிடம், "ஒண்ணும் அவசரமில்ல, அஞ்சு நாள்" என்றாள். சொல்லும்போது உதட்டைப் பிதுக்கினாள், பழக்கதோஷம்.

மூன்றாம் நாள் அவனால் படுக்கவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. வீடுகள் சொன்ன நாள் கணக்கை ஏட்டில் பதிந்துவைக்கும் காலவிருப்ப அலுவலகத்துக்கு அவள் ஓடினாள். அங்கிருந்த அதிகாரி ஏட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"ஐந்து நாள் என்று சொன்னது தாங்கள்தானே, அம்மா?"

"நான்தாங்க ஐயா. பேரத்துக்குச் சொன்னதுங்க. அங்க அவரு மூச்சுக்குத் தவிக்கிறாரு."

அதிகாரி உண்மையாகவே வருந்தினார். "இதற்குமுன் எந்த அரசாவது உங்கள் வார்த்தையை நம்பியதுண்டா? நாங்கள் நம்புகிறோம். அந்த நம்பிக்கையை நாங்களே கெடுக்கலாமா?"

அவள் திரும்பி வாசலை நோக்கி நடந்தாள். அவ்வளவு அவசரத்திலும் மெதுவாகவே நடந்தாள். யாராவது கூப்பிடுவார்கள் என்று காது பின்னாலேயே இருந்தது. யாரும் கூப்பிடவில்லை.

நான்காம் நாள் காலையில் கதிரேசன் இறந்தான். ஐந்தாம் நாள், சொன்ன நேரத்துக்கு, மருந்து வந்தது. அதை எங்கே வைப்பதென்று தெரியாமல் அன்று முழுக்கக் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். தன் பொய்தான் புருஷனைக் கொன்றது என்று நினைத்து நினைத்து மருகினாள். நாட்டில் அப்படி மருகிய வீடுகள் ஆயிரக்கணக்கில் இருந்தன. வெட்கத்தில் யாரும் வெளியே சொல்லவில்லை.

தை மாதம் தேர்தல் வர வேண்டும். பவுனம்மாள் அதற்காகத்தான் உயிரை வைத்துக்கொண்டிருந்தாள். அரண்மனையிலோ மந்திரி எல்லாப் பெட்டிகளின் பதிவுகளையும் தொகுத்து ராஜாவிடம் வாசித்தார். சோற்றுக்கு இருபது நாள், பாலுக்கு ஏழு நாள், மருந்துக்கு ஐந்து நாள் காத்திருக்கும் மக்கள் தேர்தலுக்கா அவசரப்படப்போகிறார்கள் என்று கேட்டார். ராஜா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஆனாலும் மக்களைக் கேட்காமல் எதையும் செய்யாத அரசு அது. தேர்தலுக்கு எத்தனை நாள் காத்திருப்பீர்கள் என்று வீடு வீடாகக் கேட்க உத்தரவாயிற்று.

அன்று பவுனம்மாள் குளித்துவிட்டு வந்து பெட்டியின் முன் உட்கார்ந்தாள். அவள் வாயைத் திறக்குமுன் பெட்டி பேசியது. குடிமக்களுக்குச் சிரமம் வேண்டாம் என்பதால், பழைய பதில்களைக் கொண்டு தானே பதில் அனுப்பிவிட்டதாகச் சொன்னது.

"என்னன்னு அனுப்பினே?"

"இவ்வீட்டில் இருப்போர் இருவர். இருவருக்கும் அவசரமில்லை."

"அவரு செத்து மூணு மாசமாச்சு. எனக்கு அவசரம்."

அவசரம் என்று அவள் அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. பெட்டி பழைய பதில்களைச் சரிபார்த்தது. தன் பதிவில் தவறு இருப்பதை ஒப்புக்கொண்டு, மன்னிப்பும் கேட்டது. பிறகு திருத்தி அனுப்பியது:

"இவ்வீட்டில் இருப்பவர் ஒருவர். அவசரமில்லை."